சுழலும் தரையும் வளையும் காற்றும்

 

இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். வரலாறு என்றாலே மன்னர்களும் போர்களும்தாம் நம் நினைவுக்கு வரும். இந்த முறை நான் காற்றின் வரலாற்றை எழுதப் போகிறேன். காற்றுக்குக் கூடவா வரலாறு என்று சிரித்துவிடாதீர்கள். அதில் நம் முன்னோரின் கப்பல்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியின் கண்ணீர் இருக்கிறது. சுங்கை செம்பிலாங் கடற்கரையில் நாம் நிம்மதியாகத் தூங்குவதற்கான காரணமும் இருக்கிறது.

எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்: “சார், எங்க பாட்டியோட ஊரு நாகப்பட்டினம். அங்க அடிக்கடி புயல் வந்து கூரையெல்லாம் பறந்துடுமாம். நம்ம ஊரும் கடலோரம்தானே? இங்க ஏன் சார் புயல் வர்றதில்லே?”

நல்ல கேள்வி அல்லவா? வகுப்பு முடிந்து வரும் வழியில் லயத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நம்ம முனியாண்டி காவல் இருக்காரு தம்பி, இங்க எப்படிப் புயல் வரும்?” என்றார். அவருடைய பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல இன்னொரு விடையும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு அருகில் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பஸ் வளையும்போது யார் தள்ளியது?

கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் பஸ்ஸில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளைவில் பஸ் சடாரென்று வலப்பக்கம் திரும்புகிறது. நீங்கள் இடப்பக்கம் சாய்கிறீர்கள். கையைப் பிடிக்காமல் நின்றவர் பக்கத்து ஆள் மேலேயே விழுந்துவிடுகிறார். “ஏங்க தள்ளுறீங்க?” என்று ஒரு சண்டையும் கிளம்புகிறது.

உண்மையில் தள்ளியது யார்? யாருமே இல்லை! ஓடுகிற பொருள் நேராகவே ஓட விரும்பும் என்று ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் நூலில் சொன்னார். உங்கள் உடம்பு நேராகப் போகப் பார்த்தது, பஸ் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான். சடக்கு ஓரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இது தெளிவாகத் தெரியும். ஆனால் பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு, பஸ் அசையாதது போலவும், ஏதோ ஒன்று தம்மை வெளியே தள்ளியது போலவும் தோன்றும்.

இப்படித் திரும்புகிற, சுழல்கிற இடத்தில் இருந்துகொண்டு பார்ப்பவருக்கு மட்டும் தோன்றும் விசைக்கு அறிவியலார் ‘போலி விசை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியே தள்ளுவது போலத் தோன்றும் இந்தப் போலி விசைதான் மையவிலக்கு விசை. போலி என்றவுடன் பொய் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் விழுந்து இடுப்பில் அடிபட்டவரைக் கேட்டால், அடி நிஜமா போலியா என்று அவரே சொல்லுவார்! விளைவு உண்மை. அதைச் செய்த கை மட்டும் இல்லை.

கித்தாப் பாலிலே ஒரு பாடம்

இந்தப் போலி விசையை வைத்துத் தொழிலே நடந்திருக்கிறது. அதுவும் நம் தொழில்தான். பெரியவர்கள் மரம் வெட்டி, மங்கிலிருந்து வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து ஊற்றிய பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரையும் சேர்த்துக் கப்பலேற்றினால் யாருக்கு லாபம்? ஆகவே அமோனியா கலந்து கெடாமல் வைத்த பாலை, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழலும் எஃகுக் கிண்ணத்தில் விடுகிறார்கள். கனமான நீர்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. ரப்பர் துகள் நீரைவிட இலேசானது. அது மையத்தை நோக்கி ஒதுங்குகிறது. இப்படிப் பிரித்தெடுத்த கெட்டிப் பாலில் ரப்பர் நூற்றுக்கு 60 பங்கு இருக்கும். கையுறை செய்யப் பயன்படுவது இந்தப் பால்தான்.

சுவீடன் நாட்டவர் குஸ்தாவ் தெ லவால் 1878-இல் மாட்டுப் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் செய்த இயந்திரத்தின் வழிவந்ததே இது. 1920-களில் கித்தாப் பாலுக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கிண்ணத்துக்கு வெளியே நின்று பார்த்தால் அங்கே தள்ளும் விசை எதுவும் இல்லை. உள்ளே சுழலும் பாலுக்கோ அந்த விசைதான் எல்லாம்.

ராட்டினத்தில் எறிந்த பந்து

போலி விசையில் இரண்டாவது ஒன்றும் உண்டு. அதுதான் நம் கதையின் நாயகன்.

திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். அது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றுகிறது என்று கொள்வோம். நடுவில் ஒரு பையன் நின்றுகொண்டு, ஓரத்தில் இருக்கும் தன் நண்பனுக்கு நேராகப் பந்தை எறிகிறான். பந்து போய்ச் சேர்வதற்குள் ராட்டினம் சுற்றி, நண்பன் இடப்பக்கம் நகர்ந்து போய்விடுகிறான். எறிந்த பையன் என்ன நினைப்பான்? “நான் நேராத்தான் எறிஞ்சேன், பந்து வலப்பக்கம் வளைஞ்சு போயிடுச்சு” என்பான். ராட்டினத்துக்கு வெளியே நிற்கும் அவன் அம்மாவோ, “பந்து நேராத்தாண்டா போச்சு, நீங்கதான் சுத்துறீங்க” என்பார். இருவர் சொல்வதும் சரி!

இப்படி, சுழலும் தரையில் ஓடுகிற பொருளைப் பக்கவாட்டில் வளைப்பது போலத் தோன்றும் விசைக்குக் கொரியோலிஸ் விசை என்று பெயர். பெயருக்குரியவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி: நாம் நிற்கும் இந்தப் பூமியே ஒரு ராட்டினமாக இருந்தால்?

ஆரியபட்டரின் படகு

அப்படித்தான் என்று துணிந்து சொன்னவர் ஆரியபட்டர். தம் 23-ஆம் வயதில், கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ‘ஆரியபட்டீயம்’ என்னும் நூலில் அவர் ஓர் உவமை சொல்கிறார். ஆற்றில் படகில் போகிறவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவது போலத் தெரியும். அதுபோல அசையாத விண்மீன்கள் நமக்கு மேற்கு நோக்கி ஓடுவது போலத் தெரிகின்றன. சுழல்வது பூமிதான் என்றார். பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தே காட்சி அமையும் என்பதை எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

ஆனால் மற்றவர்கள் ஏற்கவில்லை. பூமி சுழன்றால், கூட்டை விட்டுப் பறந்த பறவை மறுபடி கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று வராகமிகிரர் கேட்டார். அப்படியானால் உயர்ந்த பொருள்களெல்லாம் ஏன் விழவில்லை என்று பிரம்மகுப்தர் 628-இல் கேட்டார். இவர்களை முட்டாள்கள் என்று நினைக்கக்கூடாது. நியாயமான கேள்விகள்தாம். பூமத்திய ரேகையில் தரை மணிக்குச் சுமார் 1670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. விமானத்தைவிட வேகம்! நமக்கு ஏன் தெரியவில்லை? ஏனென்றால் நாமும், மரமும், பறவையும், காற்றும் அதே வேகத்தில் சேர்ந்தே ஓடுகிறோம். ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ பின்னால் போய் மோதுவதில்லையே, அது போல.

சுழற்சி தெரியாது என்றாலும் அதன் அடையாளங்கள் உண்டு. 1672-இல் பிரெஞ்சுக்காரர் ஜான் ரிஷே தென் அமெரிக்காவில் கயேன் என்ற ஊருக்குப் பாரிஸிலிருந்து ஓர் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அதுவும் நம் ஊரைப் போலப் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள ஊர். அங்கே அந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. கடிகாரத்தின் குற்றமல்ல. பூமி சுழல்வதால் பூமத்திய ரேகைப் பக்கம் நம்மை வெளியே தள்ளும் மையவிலக்கு விசை அதிகம். அதே சுழற்சியால் பூமியின் இடுப்பும் சற்றே புடைத்திருக்கிறது. ஆகவே இங்கே எடை கொஞ்சம் குறைவு. 60 கிலோ உள்ளவருக்கு மையவிலக்கு விசையால் மட்டும் சுமார் 200 கிராம் குறையும். தமிழ் மண்ணிலும் இது சோதிக்கப்பட்டது. சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1821-இல் ஊசல் ஆட்டி அளவெடுத்தார்.

பின்பு 1851-இல் லியோன் பூக்கோ என்பவர் பாரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்தில் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டினார். நேரம் ஆக ஆக, குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. குண்டு திரும்பவில்லை, கீழே தரைதான் திரும்பியது! ஆரியபட்டரின் படகை மக்கள் கண்ணாலே கண்டார்கள்.

கப்பலை ஓட்டிய காற்று

இனிக் காற்றுக்கு வருவோம். நம் முன்னோர் காற்றுக்குத் திசைப்படி பெயர் வைத்தவர்கள். தெற்கே இருந்து வருவது தென்றல், வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை. காற்றின் இயல்பறிந்து அதை வேலை வாங்கிக் கடலில் கலம் செலுத்திய சோழ முன்னோன் ஒருவனைப் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் குறிப்பிடுகிறார். 1025-இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின் மீது படையெடுத்தது. அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா.

எஞ்சின் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டியவை இரண்டு பருவக்காற்றுகள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே வருவார்கள். காற்று மாறும்வரை இங்கே துறைமுகத்தில் காத்திருப்பார்கள். வடகிழக்குக் காற்று எழுந்ததும் ஊர் திரும்புவார்கள். பிற்காலத்தில் நம் பாட்டன்மார் ‘ரஜூலா’ போன்ற நீராவிக் கப்பல்களில் வந்தது வேறு கதை.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறுகிறது. அங்கே காற்று இலேசாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கே இருந்து கடற்காற்று ஓடி வருகிறது. சரி, தெற்கே இருந்து வரும் காற்று தெற்கே இருந்துதானே வீச வேண்டும்? ஏன் தென்மேற்கிலிருந்து வீசுகிறது? அதுபோல வடக்கே இருந்து வர வேண்டியது ஏன் வடகிழக்கிலிருந்து வருகிறது?

ஆங்கில வானியலார் எட்மண்ட் ஹாலி 1686-இல் கடற்காற்றுகளுக்குப் படம் வரைந்து, வெயிலின் சூடே காரணம் என்றார். வளைவுக்கு மட்டும் சரியான விடை கிடைக்கவில்லை. 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி என்பவர், பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். பூமத்திய ரேகையில் தரை மணிக்கு 1670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. நாகப்பட்டினத்தில் அந்த வேகம் சுமார் 1640 தான். ஆகவே ரேகையிலிருந்து வடக்கே போகும் காற்று, தான் கொண்டுவந்த அதிக வேகத்தால் தரையை முந்திக்கொண்டு கிழக்கே, அதாவது வலப்பக்கம், ஒதுங்கும். வடக்கே இருந்து தெற்கே வரும் காற்றோ பின்தங்கி மேற்கே ஒதுங்கும். அதற்கும் அது வலப்பக்கமே. வழி சரி, ஆனால் கணக்கு குறைந்தது. அவர் முறையில் வளைவின் பாதிதான் கிடைக்கும்.

முழுக் கணக்கையும் போட்டவர் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் காஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ். ஆண்டு 1835. வேடிக்கை என்னவென்றால், அவர் காற்றைப் பற்றி நினைக்கவே இல்லை! தண்ணீர்ச் சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களின் கணக்கைத்தான் போட்டார்.

அந்தக் கணிதத்தைப் பூமியின் காற்றுக்குப் பொருத்திக் காட்டியவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! அமெரிக்காவின் வில்லியம் ஃபெரல். 1817-இல் பிறந்த அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கையில் கிடைத்த சில புத்தகங்களை வைத்துத் தாமாகவே படித்தவர். வைக்கோல் அள்ளும் கவட்டுக் கம்பியின் முனையால் களஞ்சியத்துக் கதவுப் பலகையில் கீறி வடிவக் கணிதம் போட்டுப் பழகியவர். பின்பு நாஷ்வில் நகரில் ஆசிரியராக இருந்தபோது, 1856-இல், காற்றையும் கடல் நீரோட்டத்தையும் பற்றிய கட்டுரையை உள்ளூர் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். எந்தத் திசையில் ஓடினாலும் சரி, வடகோளத்தில் காற்று வலப்பக்கமும் தென்கோளத்தில் இடப்பக்கமும் ஒதுங்கும் என்று காட்டினார். மாணவச் செல்வங்களே, வசதி இல்லை, புத்தகம் இல்லை என்று சோர்ந்துபோகும்போது அந்தக் களஞ்சியக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலை வலம் வருவதும் புயல் சுற்றுவதும்

புயல் என்பது என்ன? வெதுவெதுப்பான கடலின் மேல் ஓரிடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. நாலாபக்கமும் இருந்து காற்று அந்த மையத்தை நோக்கி ஓடுகிறது. நேராக ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால் பள்ளம் நிரம்பிவிடும். புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஓடிவரும் காற்று வலப்பக்கம் ஒதுங்குகிறதே! மையத்தைத் தவறவிடுகிறது. மையம் அதன் இடக்கைப் பக்கம் நிற்கிறது. உள்ளே இழுக்கும் இழுப்பு ஒருபுறம், வலப்பக்கம் ஒதுக்கும் ஒதுக்கு மறுபுறம். ஆகவே காற்று மையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

கோயிலை நாம் வலம் வரும்போது சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். வங்காள விரிகுடாவின் புயற்காற்றுக்கு மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். அது இடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆஸ்திரேலியாப் பக்கம் உருவாகும் புயல்களோ வலமாகவே சுற்றும்.

இந்தச் சுழற்சி பாம்பு சுருண்டது போல இருப்பதால், அதே பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவில் இருந்துகொண்டு, வங்காள விரிகுடாவில் அடிபட்டு வந்த கப்பல்களின் குறிப்புகளைச் சேர்த்து ஆராய்ந்தவர். 1848-இல் மாலுமிகளுக்காகவே ஒரு கையேடு வெளியிட்டார். ஹாலந்து நாட்டின் பைஸ் பலோட் 1857-இல் இன்னும் எளிதாகச் சொன்னார்: வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், அழுத்தம் குறைந்த இடம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். எத்தனையோ மாலுமிகளின் உயிரைக் காத்த விதி இது.

ஆனால் விதி தெரிந்திருந்தும் முன்கூட்டிச் செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? 1964 டிசம்பரில் தெற்கு அந்தமான் கடலில் உருவான புயல் ஒன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரே அழிந்தது. இன்றுவரை தனுஷ்கோடி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாகப்பட்டினக் கரையையும் 1977 நவம்பரிலும், 2018 நவம்பரில் ‘கஜா’ என்ற பெயரிலும் புயல்கள் சிதைத்தன.

அப்படியானால் நம் ஊர்?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வந்துவிட்டோம். வீட்டில் ஒரு தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். குடுமியை வடதுருவம் என்று வையுங்கள். குடுமிப் பக்கம் ஒரு வட்டத் தாளையும், தேங்காயின் நடு இடுப்பில் ஒரு வட்டத் தாளையும் ஒட்டுங்கள். இப்போது தேங்காயை நின்ற வாக்கில் சுற்றுங்கள். உச்சியில் உள்ள தாள் குடை ராட்டினம் போல நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இடுப்பில் உள்ள தாளோ தேங்காயோடு ஊர்வலம் போகிறதே தவிர, தான் திருகுவதில்லை. இடையில் எங்கே ஒட்டினாலும், குடுமிக்கு அருகே போகப் போகத் திருகல் கூடும். இடுப்புக்கு அருகே வர வரக் குறையும்.

பூமியும் அப்படியே. துருவத்தில் இந்தத் திருகல் 100 பங்கு என்றால், சென்னையில் சுமார் 23, நாகப்பட்டினத்தில் 19, தனுஷ்கோடியில் 16. பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கும் நம் கோல சிலாங்கூரில்? வெறும் 6! பூக்கோவின் ஊசலை இங்கே தொங்கவிட்டால், அது ஒரு முழுச் சுற்றுத் திரும்பச் சுமார் 17 நாள் ஆகும். பாருங்கள், நம்மை வெளியே தள்ளும் மையவிலக்கு விசை பூமத்திய ரேகையில்தான் மிக அதிகம். காற்றை வளைக்கும் கொரியோலிஸ் விசையோ அங்கேதான் மிகக் குறைவு. ஒரே சுழற்சிக்கு இரண்டு முகம்.

நம் கடலில் சூடு இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. புயலுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. முறுக்கு மட்டும் இல்லை. காற்றழுத்தம் எங்காவது குறைந்தால், காற்று நேராக ஓடிவந்து பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. சுமத்ராவின் மலைகளும் மேற்கே ஒரு மதில் போல நிற்கின்றன.

ஆனால் விடியற்காலையில் மேற்கிலிருந்து அடிக்கிறதே, அது என்ன என்று பாசிர் பெனாம்பாங் மீனவர்கள் கேட்பார்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அடிக்கடி வரும் ‘சுமத்ரா’ காற்றுமழை அது. பால்வெட்டு நடந்த காலத்தில் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் கொட்டித் தீர்த்து, அன்றைய சம்பளத்தையே கரைத்துவிடும் மழை. மரம் விழும், கூரைத் தகரம் பறக்கும். ஆனால் அது சுழலும் புயல் அல்ல. மேகங்கள் ஒரு வரிசையாக அணிவகுத்து நீரிணையைக் கடந்து வரும். சில மணி நேரத்தில் போய்விடும்.

ஆறு என்பது பூச்சியம் அல்ல

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால், “பார்த்தியா, வாத்தியாரே சொல்லிட்டாரு, நமக்குப் புயலே வராது” என்று நீங்கள் போய்விடுவீர்கள். அதற்காகவா இவ்வளவும் எழுதினேன்? முக்கியமான பாடம் இனிமேல்தான் இருக்கிறது.

நூற்றில் ஆறு என்பது குறைவுதான், பூச்சியம் அல்ல. 1996 டிசம்பரில் ‘கிரெக்’ என்ற புயல் சபாவைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2001 டிசம்பர் 27-இல் ‘வாமெய்’ என்ற புயல் ஜோகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அது உருவான இடம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் ஒன்றரைப் பாகை. அங்கே திருகல் நம் ஊரில் உள்ளதில் பாதிகூட இல்லை! அப்புறம் எப்படி உருவாயிற்று? வடக்கே இருந்து குளிர்காற்று தென்சீனக் கடலின் குறுகிய பகுதிக்குள் பல நாள் விடாமல் பாய்ந்து, போர்னியோ ஓரத்தில் இருந்த காற்றுச் சுழலோடு சேர்ந்துகொண்டது. பூமி தர வேண்டிய முறுக்கை அந்தக் காற்றே தந்துவிட்டது. இப்படி நடப்பது நூறு முதல் நானூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆராய்ந்தவர்கள் 2003-இல் கணக்கிட்டார்கள்.

2021 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்சீனக் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பகாங்கில் கரையேறித் தீபகற்பத்தின் குறுக்கே வந்தது. சிலாங்கூரில் கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 நவம்பர் கடைசியிலோ, நம் வாசலில் உள்ள மலாக்கா நீரிணையிலேயே ‘சென்யார்’ என்ற புயல் உருவாயிற்று. சுமத்ராவில் அது பெய்த மழையில் வெள்ளமும் மண்சரிவும் பல நூறு உயிர்களைப் பலி கொண்டன. பின்பு கிழக்கே திரும்பி நம் தீபகற்பத்தையும் தொட்டது.

அன்பர்களே, அரிது என்பது வேறு, நடக்காது என்பது வேறு. முனியாண்டி காவல் இருக்கட்டும். நாமும் கொஞ்சம் விழிப்பாக இருப்போம். வானிலை இலாகா எச்சரிக்கை விட்டால், “இதெல்லாம் நம்ம ஊருக்கு இல்லப்பா” என்று தள்ளிவிடாதீர்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள். வெள்ளம் வந்தால் எந்த மண்டபத்துக்குப் போவது என்று குடும்பத்தோடு முன்னதாகவே பேசி வையுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை யார் தூக்கிக்கொண்டு போவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் உங்களுக்கும், வாங்காத உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். படகில் இருந்தவன் மரம் ஓடுவதைத்தான் பார்த்தான். ஓடுவது தன் படகு என்று உணர்ந்தவனே அறிஞன் ஆனான். யாரோ தள்ளினார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன், நாம் நிற்கும் தரை எப்படித் திரும்புகிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று கேட்ட கேள்விதான் இந்த வாத்தியாரையும் இத்தனை பக்கம் எழுத வைத்தது. அந்தப் பிள்ளைக்கு என் நன்றி.

கல்வி ஓங்குக! தமிழ்ப்பள்ளி வாழ்க!